நட்சத்திர ஓட்டலில் வாய் மூடுவது ஏன்?

ரங்கநாதன் தெருவில் ஒரு நைட்டிக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி கால் மணி நேரம் நிற்பவர்கள் நாம். அதே தி.நகரில், சலவைக்கல் பதித்த ஒரு லாபிக்குள் நுழைந்துவிட்டால் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. பில்லை வரி வரியாகப் படித்தால் மரியாதைக் குறைவு என்று தோன்றுகிறது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம், நீட்டிய சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறோம். இந்தக் கூச்சத்துக்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

சென்னைக்காரருக்குச் சென்னையிலேயே நட்சத்திர ஓட்டல் எதற்கு என்று முன்பு கேட்டார்கள். இப்போது ஆழ்வார்பேட்டையிலும் எம்.ஆர்.சி. நகரிலும் அறை எடுப்பவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரைத் தங்கவைக்க வேண்டும். மார்கழி சீசனுக்குக் கலிபோர்னியாவிலிருந்து அத்தை வருவார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்தில் புகுந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், வீட்டில் கரண்ட்டும் தண்ணீரும் இல்லாதவர்கள் முதலில் தேடியவற்றில் ஓட்டல் அறையும் ஒன்று.

வாசலிலேயே தொடங்குவோம். கார் சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு தருகிறார்கள். பின்பக்கம் பொடி எழுத்தில், வண்டி தொலைந்தால் உரிமையாளரே பொறுப்பு என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு, கார் போனால் போனதுதான் என்று நினைப்பவர்கள் பலர். 1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ்மஹால் ஓட்டலுக்கு வந்த ஒருவர் தன் மாருதி ஜென் காரின் சாவியை ஊழியரிடம் கொடுத்தார். திரும்பி வந்தபோது வேறு யாரோ அதை ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். சீட்டில் இருந்த வாசகத்தைக் காட்டித்தான் ஓட்டல் வாதாடியது. வழக்கு இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது. 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. சாவியை வாங்கிய நொடியிலிருந்து வண்டி ஓட்டலின் பாதுகாப்பில் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் வேண்டும். கவனமாகத்தான் இருந்தோம் என்று நிரூபிக்கும் சுமையும் ஓட்டலுடையது. தன் ஊழியர்களின் அலட்சியத்தை மறைக்க ஓர் அச்சிட்ட வரி போதாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நீங்களே ஓட்டிப்போய் நிறுத்திச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டால் ஓட்டலின் பொறுப்பை நிலைநாட்டுவது அவ்வளவு சுலபமில்லை. நகைக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். கல்யாண வீட்டு நகையை அறை அலமாரியில் புடவைக்கு அடியில் வைப்பதைவிட, வரவேற்பறையில் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்தால் பிறகு பேச இடம் இருக்கும்.

அடுத்தது அடையாள அட்டை. தங்குபவர் யார் என்று பதிவு செய்ய வேண்டியது ஓட்டலின் கடமை. அதில் தகராறு வேண்டாம். ஆனால் ஆதார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதையாவது நீட்டலாம். ஆதாரே கொடுப்பதானால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். நகலின் மேல் தேதியையும் எதற்காகக் கொடுத்தது என்பதையும் எழுதிவிடுவது என் பழக்கம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அத்தையின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது ஓட்டலின் சட்டக் கடமை. அவரைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அர்த்தமில்லை.

கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்கினால் குற்றம் என்று இன்னமும் நம்புகிறவர்கள் உண்டு. கோயம்புத்தூரில் ஒரு தங்கும் விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி எந்தச் சட்டமும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

இனி பில். ஏமாற்றமும் குழப்பமும் சரிபாதியாகக் கலந்திருக்கும் காகிதம் இது. சாப்பாட்டுப் பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஐந்தோ பத்தோ சதவீதம் தானாகவே சேர்ந்திருந்தால், எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை இது. வேறு பெயரில் சேர்ப்பதும் கூடாது. எதிர்த்து வழக்குப் போட்ட ஓட்டல், உணவக சங்கங்களின் மனுக்களை 2025 மார்ச் 28இல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது; அவை மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. பரிமாறியவருக்கு ஏதாவது தர வேண்டும் என்று தோன்றினால் அவர் கையிலேயே கொடுங்கள். பில்லில் ஏறிய காசு அவரிடம்தான் போய்ச் சேர்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஜிஎஸ்டி வேறு, அது அரசுக்குப் போவது, மறுக்க முடியாது. ஆனால் கணக்குத் தெரிந்தால் லாபம். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 8,968. நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்றாகிவிடுகிறது! முன்பதிவின்போது இதைச் சொல்லி விலையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. முந்தைய நிதியாண்டில் ஓர் அறையையாவது 7,500க்கு மேல் விட்ட ஓட்டல் என்றால் அங்குள்ள உணவகத்திலும் 18 சதவீதம்தான், நீங்கள் காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினாலும்கூட. மயிலாப்பூர் மெஸ்ஸில் அது 5.

வரியே இல்லாத பொருளுக்கு வரி போட்ட கதையும் உண்டு. 2019 ஜூலையில் சண்டிகரின் ஒரு நட்சத்திர ஓட்டலில் நடிகர் ராகுல் போஸ் இரண்டு வாழைப்பழம் கேட்க, வரியோடு 442 ரூபாய் 50 காசு பில் வந்தது. அதை அவர் வீடியோ எடுத்துப் போட்டார். வரித்துறை வந்து அந்த ஓட்டலுக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. தண்ணீர் பாட்டிலில் மட்டும் சண்டைக்கு நிற்காதீர்கள். அச்சிட்ட விலைக்கு மேல் ஓட்டல்கள் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜாடித் தண்ணீர் கேட்டால் போதும்.

புயல் நாளில் வாடகை ஏறுவது எரிச்சல்தான், ஆனால் அதைத் தடுக்கச் சட்டம் கைகொடுக்காது. உறுதி செய்து காசும் வாங்கிய அறையைக் கடைசி நேரத்தில் இல்லை என்று கைவிரித்தால் அது சேவைக் குறைபாடு, இழப்பீடு கேட்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, ஓட்டல் பெயரில் போலி இணையதளம் வைத்து முன்பணம் கறப்பவர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவும்.

குறை எதுவானாலும் அன்று இரவே மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு சாட்சியாகாது, பில், சீட்டு, படம் மூன்றும் கையில் இருக்கட்டும். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. கோவாவிலோ டெல்லியிலோ நடந்த தகராறுக்கு மந்தைவெளிக்காரர் சென்னையிலேயே மனுக் கொடுக்கலாம்.

இதெல்லாம் இந்தியாவுக்குள். வெளிநாட்டில், பொகோட்டாவிலோ புவனோஸ் ஐரிஸிலோ அறை எடுத்து ஏமாந்தால்? இந்தியப் பயணத் தளம் வழியாக எடுத்திருந்தால் பிடி இருக்கிறது: 2020 மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அங்கே கவுன்டரில் ரொக்கமாகக் கட்டியிருந்தால் அந்தப் பிடி நழுவிவிடும். கார்டில் கட்டியிருந்தால், அதைக் கொடுத்த வங்கியிடம் அந்தத் தொகையை மறுத்து மனுக் கொடுக்க வழி மிச்சமிருக்கும்.