பேசினாலே மனு ரெடி.. ஆனா சர்வே நம்பரை மட்டும் கையால டைப் பண்ணுங்க! வாய்ஸ் டைப்பிங்கில் தமிழ் எங்கே தடுமாறுது?

கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை என்றாலே மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்தான். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர், ரோடு என்று ஆளுக்கொரு மனு. எழுத வராதவர்கள் மனு எழுதித் தர இன்னொருவரைத் தேட வேண்டும். இப்போ கையில் இருக்கும் செல்போனிடம் சொன்னாலே அது தமிழில் டைப் செய்து கொடுத்துவிடும். ஆனால் அதை அப்படியே பிரிண்ட் எடுத்து நீட்டிவிடலாமா?

எப்போது வந்தது இந்த வசதி?

2017 ஆகஸ்டில் கூகுள் தனது குரல் தட்டச்சு வசதியில் 30 மொழிகளைப் புதிதாகச் சேர்த்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் உள்பட 8 இந்திய மொழிகள் அதில் இருந்தன. 247 எழுத்துகளை சின்ன கீபோர்டில் தேடித் தேடித் தட்டுவது பலருக்கு முடியாத வேலை. கை நடுக்கம் உள்ள முதியவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆன் செய்வது எப்படி?

ஆண்ட்ராய்டு போனில் ஜிபோர்டு செட்டிங்ஸுக்குப் போய், மொழிகள் பகுதியில் தமிழைச் சேருங்கள். பிறகு கீபோர்டில் தெரியும் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் போதும். கம்ப்யூட்டர் என்றால் குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸைத் திறந்து, 'டூல்ஸ்' மெனுவில் 'வாய்ஸ் டைப்பிங்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

தவறு எங்கே நடக்குது?

நாம் பேசுவதை மென்பொருள் மனிதரைப் போலப் புரிந்துகொள்வதில்லை. காதில் விழுந்த ஒலிக்கு எந்தெந்தச் சொல் பொருந்தும், அந்த இடத்தில் எது வர வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு எழுதுகிறது.

'கரை', 'கறை' இரண்டும் இன்றைய பேச்சில் ஏறக்குறைய ஒரே ஒலிதான். "வீராணம் ஏரிக் கரையில்" என்று சொன்னால், 'ஏரி' என்ற சொல்லை வைத்து சரியாக எழுத வாய்ப்பு அதிகம். வெறுமனே "கரையில்" என்றால் அது ஊகம்தான். அதனால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்லாமல், முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பேச்சுத் தமிழில் சொல்லலாமா?

"பட்டா மாத்தித் தரலைங்க" என்பதை விட "பட்டா மாற்றித் தரவில்லை" என்று சொன்னால் பிழை குறையும். காரணம் இருக்கு. 2017-ல் தமிழ் உள்ளிட்ட மொழிகளைச் சேர்த்தபோது, அந்தந்த மொழிக்காரர்களை வாக்கியங்களை வாசிக்க வைத்துத்தான் கூகுள் குரல் மாதிரிகளைச் சேகரித்தது. வாசிப்பது வேறு, திண்ணையில் பேசுவது வேறு. இந்த இடைவெளி புதிதல்ல. பேச்சுத் தமிழும் வட்டார வழக்கும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறை பல ஆண்டுகளாக ஆராய்ந்து வரும் விஷயங்கள்.

பெயரும் எண்ணும் ஏன் ஆபத்து?

வாக்கியத்தில் பக்கத்துச் சொல் கைகொடுக்கும். பெயருக்கும் எண்ணுக்கும் அந்தத் துணை கிடையாது. சிதம்பரம் பக்கத்திலேயே சி.முட்லூரும் இருக்கு, பி.முட்லூரும் இருக்கு. ஒரே ஒரு ஒலி மாறினால் ஊரே மாறிவிடும். சர்வே எண், உட்பிரிவு எண், அப்பா பெயரின் இனிஷியல் எல்லாம் இப்படித்தான். ஒரு இலக்கம் தவறினால் மனு வேறொருவர் நிலத்தைப் பற்றியதாக ஆகிவிடும். எனவே விவரத்தை வாயால் சொல்லுங்கள். பெயர், ஊர், எண், தேதி, நிறுத்தற்குறிகளை மட்டும் கையால் டைப் செய்யுங்கள்.

எதைச் சொல்லவே கூடாது?

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓடிபி. பல போன்களில் பேச்சு இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் எழுத்தாகிறது. அது போக, பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாகச் சொன்னால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்.

கடைசியாக ஒன்று..

எழுதியதை போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சரிபார்க்கலாம் என்று தோன்றும். விட்டுப்போன சொல் அதில் தெரியும். ஆனால் 'கறை' என்று தப்பாக எழுதியிருந்தாலும் காதுக்கு 'கரை' என்றேதான் கேட்கும். அந்தப் பிழை கண்ணால் பார்த்தால்தான் சிக்கும். அதனால் வாசிக்கத் தெரியாதவர் மனு கொடுக்கும் முன், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.