விடுதிக்கு அனுப்பும் பிள்ளை: மகனின் கோபமும் மகளின் மௌனமும்

பள்ளி திறக்கும் நாட்களில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைச் சாலையில், பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் போவதைப் பார்க்கலாம். 1901-ல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக அங்கே தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. பெற்றோர் சமவெளியில், பிள்ளைகள் மலையில் என்ற வழக்கம் அவ்வளவு பழையது. அத்தா வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்களிலும் பிள்ளையை விடுதியில் சேர்க்கும் யோசனை வருவதுண்டு.

விடுதியில் படித்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் ஏராளம். பிள்ளை பயப்படும்போது அதைத் தேற்ற அங்கே ஒரு பெரியவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

பயம் வரும்போது உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ஆறுதல் கிடைத்தால் அது தணிந்துவிடும். அடி, கேலி, பிரிவு என்று பயம் மாதக்கணக்கில் நீடித்து, தேற்றவும் ஆளில்லை என்றால், வளரும் மூளை எப்போதும் ஆபத்தை எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது. 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சிறுவயதுத் துன்பங்கள் கூடக் கூட, பெரியவர்களான பின் மனச்சோர்வு, போதைப் பழக்கம், இதய நோய் ஆகியவையும் கூடுவதைக் காட்டியது.

ஆனால் இந்தக் காயம் ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே மாதிரி வெளிப்படுவதில்லை. பொதுவாக ஆண்களிடம் அது கோபம், சண்டை, போதை என்று வெளியே வருகிறது. பெண்களிடம் கவலை, மனச்சோர்வு, தன்னையே குறை சொல்லுதல் என்று உள்ளே இறங்குகிறது. ஹார்மோன்களோடு வளர்ப்பும் இதற்குக் காரணம். "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று மகனிடம் சொல்கிறோம், மகளிடம் "அடங்கி இரு" என்கிறோம். விதிவிலக்குகளும் உண்டு.

ருமேனியாவில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். சில ஆண்டுகளில், அப்படிச் சேர்ந்த பெண் குழந்தைகளிடம் கவலையும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. ஆண் குழந்தைகளிடம் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. அன்பு இருவருக்கும் தேவை. ஆனால் காயம் ஆறும் வழி இருவருக்கும் ஒன்றல்ல.

நாம் தவறுவது இங்கேதான். முரண்டு பிடிக்கும் மகனுக்கு "முரடன்" என்று பெயர் வைத்து மேலும் அடிக்கிறோம். பேசாமல் ஒதுங்கும் மகளை "அடக்கமான பிள்ளை" என்று மெச்சுகிறோம். இருவரின் வேதனையும் நம் கண்ணில் படுவதில்லை. மகனுக்கு ஒன்றும் நேராது என்ற நினைப்பும் தவறு. 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள்.

பெற்றோர்களே, சேர்க்கும் முன் கட்டிடத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரவில் பிள்ளை அழுதால் யார் வருவார் என்று கேளுங்கள். வாரம் ஒருமுறையாவது பிள்ளை தனியாக உங்களோடு பேச முடியுமா என்று கேளுங்கள். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு தடை செய்கிறது என்பதையும் அறிந்து வையுங்கள்.

விடுமுறையில் வரும் பிள்ளையிடம் முதல் கேள்வி மார்க் பற்றியதாக இருக்க வேண்டாம். தூக்கம், பசி, சிரிப்பு மாறியிருக்கிறதா என்று கவனியுங்கள். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஃபீஸ் கட்டுவதோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.