புறக்கட்டளையும் வெற்றுக் கோப்பும்

1881ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, போர்ட் பிளேரில் ஓதங்களை அளக்கும் கருவியில் பதிவாயிற்று. இன்று இத்தகைய அளவுகள் கணினிக் கோப்புகளாகச் சேர்கின்றன. அவற்றைத் திரட்டப் பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழிகள் பயன்படுகின்றன. இம்மொழிகள் எல்லா வேலைகளையும் தாமே செய்வதில்லை. நகலெடுத்தல், வரிசைப்படுத்துதல் முதலியவற்றைக் கணினியிலுள்ள வேறு நிரல்களிடம் ஒப்படைப்பதுண்டு. அவ்வாறு விடுக்கும் ஆணையைப் புறக்கட்டளை எனலாம்.

ஒப்படைத்த வேலை நிறைவேறியதா என அறிவது எங்ஙனம்? யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த அமைப்புகளில் ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. 0 எனில் வெற்றி; பிற எண்கள் தோல்வியைக் குறிக்கும். கட்டளை வரியைப் படித்து நிரல்களை ஏவும் 'ஷெல்', 127 என்று கூறினால் அப்பெயருடைய கட்டளையே கிடைக்கவில்லை என்று கொள்க. சோதனைக்கென்றே வாய்த்தவை போல் 'ட்ரூ', 'ஃபால்ஸ்' என இரு கட்டளைகள் உள்ளன. முன்னது எப்போதும் வெற்றியையும், பின்னது எப்போதும் தோல்வியையும் தெரிவிக்கும். நாம் எழுதிய நிரல் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிகிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

கோப்பின் பெயரிலும் இடர் உண்டு. 'போர்ட் பிளேர்' என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டு, கட்டளையை ஒரே வரியாக ஷெல்லிடம் கொடுத்தால், அது இடைவெளியைக் கண்டு இரு கோப்புகளைத் தேடும். 2024இல் அந்நகர் பெற்ற 'ஸ்ரீ விஜய புரம்' என்ற பெயராலும் இத்தொல்லை நீங்காது, மூன்றாகப் பெருகும்! கட்டளையையும் கோப்பின் பெயரையும் தனித்தனி உறுப்புகளாக, ஷெல்லின் இடையீடின்றி அனுப்புவதே தக்கது.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. விளைவைக் கோப்பில் எழுதுமாறு பணித்தால், ஷெல் முதலில் அக்கோப்பை வெறுமையாக்கிவிட்டே நிரலை ஏவ முயல்கிறது. நிரல் கிடைக்காவிடினும் பழைய அளவுகள் அழிந்தவை அழிந்தவையே. எஞ்சிய வெற்றுக் கோப்பை அடுத்த நிரல் படிக்கும். வரம்பு மீறிய அளவு எதுவும் காணாமையால், கடல் அமைதியாக உள்ளதென முடிவு செய்யவும் கூடும். அளவு இன்மை வேறு, அலை இன்மை வேறு என்பதை 2004 டிசம்பர் 26ஆம் நாளைக் கண்ட நிக்கோபார் மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

ஆதலின் விளைவைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, முடிவெண் 0 என்பதையும், கோப்பில் வரிகள் உள்ளன என்பதையும் கண்ட பின்னரே உரிய பெயரிடல் வேண்டும். வேண்டுமென்றே இல்லாத கட்டளையொன்றை விடுத்து, பழைய கோப்பு சிதையாமல் இருக்கிறதா எனச் சோதிக்கலாம்.

பல நிரல்களைக் குழாய் போல் தொடுக்கும்போது, ஷெல் வழக்கமாகக் கடைசி நிரலின் எண்ணையே தெரிவிக்கும். பாஷ் என்னும் ஷெல்லில் 'பைப்ஃபெயில்' என்ற ஏற்பாட்டால் இடையில் நேரும் தோல்வியையும் அறியலாம். முடிவுறாமல் நிற்கும் கட்டளைகளுக்குக் கால வரம்பு விதித்தல் நன்று. குறித்த நேரம் வாளா இருக்கும் 'ஸ்லீப்' கட்டளையைக் கொண்டு அவ்வரம்பைச் சோதித்துக் கொள்ளலாம்.