ஏழாம் எண்ணில் என்ன இருக்கிறது?

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் திருக்கனூர்ப் பக்கம் பல வீடுகளில் ஃப்ரிட்ஜ் ரெகுலேட்டர் ஏழுக்குப் போய்விடும். "ஏழுல வச்சா சீக்கிரம் ஜில்லுனு ஆயிடும்" என்பது ஊரறிந்த நம்பிக்கை. ஆகாது.

அந்த எண்கள் டிகிரி அல்ல. பழைய பாணித் திருகுக்குப் பின்னால் மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது. உள்ளே கொஞ்சம் வாயுவை அடைத்து மூடியிருப்பார்கள். அதன் நுனி ஃப்ரீசர் தகட்டைத் தொட்டபடி இருக்கும். தகட்டில் சூடு ஏறினால் வாயு விரிந்து ஒரு சிறு சவ்வைத் தள்ளும், சவ்வு சுவிட்சைத் தட்டும், கம்ப்ரஸர் ஓடும். குளிர்ந்தால் வாயு சுருங்கும், கம்ப்ரஸர் நிற்கும். நாம் திருகும்போது மாறுவது அந்தச் சவ்வை எதிர்த்து நிற்கும் ஸ்பிரிங்கின் இறுக்கம்தான். எந்தக் குளிரில் நிறுத்த வேண்டும் என்று மட்டுமே எண் சொல்கிறது. ஒன்றில் வைத்தாலும் ஏழில் வைத்தாலும் சாதாரண கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும்; வேகத்தை மாற்றிக்கொள்வது இன்வெர்ட்டர் வகை மட்டும்.

அப்படியானால் குளிர் எங்கிருந்து வருகிறது? உண்மையில் எங்கிருந்தும் வருவதில்லை. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகிறது, அவ்வளவுதான். சுடுமண் வேலைக்குப் பேர்போன வில்லியனூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மண்பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது பானைத் தண்ணீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் நீர் ஆவியானால் நூறு கிராம் நீரை ஏறக்குறைய 6 டிகிரி குளிர வைக்கலாம். ஆனால் கடற்காற்றில் ஈரம் கூடிய நாளில் பானையின் ஜம்பம் பலிக்காது. ஆவி போக இடமில்லை. ஃப்ரிட்ஜில் இந்தத் தொல்லை இல்லை. ஆவியான பொருளை வெளியே விடாமல், மூடிய குழாய்க்குள்ளேயே பிடித்து, மறுபடி திரவமாக்கித் திருப்பி அனுப்புகிறது.

1834இல் லண்டனில் ஜேக்கப் பெர்கின்ஸ் காப்புரிமை பெற்றது இந்தச் சுற்றுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய ஆண்டுதான் பாஸ்டனிலிருந்து ஃபிரடெரிக் டியூடரின் ஐஸ் கப்பல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. பிறகு சென்னைக்கும் வந்தது. அந்த ஐஸை வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

இன்று நம் வீட்டு ஃப்ரிட்ஜ் பலவற்றில் ஓடுவது ஐசோபியூட்டேன். பின்பக்கம் குனிந்து பார்த்தால் தீச்சுடர் போட்ட மஞ்சள் முக்கோணமும் 'ஆர்600ஏ' என்ற குறியும் தெரியும். எரியக்கூடிய வாயுதான், ஆனால் ஒரு ஃப்ரிட்ஜில் சில பத்து கிராம்தான் இருக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 12 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஃப்ரீசர் தகட்டுக்குள் அது கொதிக்கிறது. கொதிக்கத் தேவையான சூட்டை நம் மாவுப் பாத்திரத்திலிருந்தும் தக்காளியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் பல மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால் அது சமையலறையைவிடச் சூடாகிவிடும். அப்போதுதான் பின்பக்கத்திலோ பக்கவாட்டிலோ உள்ள குழாய் வழியே சூட்டை வெளியே கொட்ட முடியும். கோடையில் ஃப்ரிட்ஜின் பக்கச் சுவர் கை பொறுக்காத அளவு சுடுகிறதே என்று பயப்படுகிறார்கள். சுடுவதுதான் நல்லது.

ஆகவே ஃப்ரிட்ஜை அமைப்பது என்றால் அந்தச் சூட்டுக்கு வழிவிடுவது. பலர் திருகைப் பார்க்கிறார்கள், சுவரைப் பார்ப்பதில்லை. பெட்டியைச் சுவரோடு ஒட்டி, அடுப்புக்குப் பக்கத்தில், மேலே பூ வேலை செய்த துணி போர்த்தி, துணி மேல் பழைய பாத்திரங்களையும் அடுக்கிவிட்டு ஏழில் வைத்தால் மீட்டர்தான் ஓடும். பின்னாலும் பக்கத்திலும் ஒரு சாணாவது இடம் விடுங்கள். படுக்க வைத்து ஏற்றி வந்த ஃப்ரிட்ஜாக இருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டுவிட்டுச் சுவிட்ச் போடுங்கள். கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், அது இறங்க வேண்டும். முன்கால்களை ஒரு நூல் உயர்த்தி வைத்தால் கதவு தானே சாத்திக்கொள்ளும். வாங்கும்போதே லேபிளில் 'டி' என்ற எழுத்தைத் தேடுங்கள்: 43 டிகிரி அறைச்சூடு வரை வேலை செய்யும் வகை அது. 'என்' என்றால் 32 டிகிரியோடு சரி. நம் மே மாதத்துக்கு அது காணாது.

இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜில் இன்னொரு விசித்திரம் உண்டு. இரண்டு திருகு உள்ள மாடல்கள் பலவற்றில் ஒன்றுதான் கம்ப்ரஸருக்கு உத்தரவு போடும். மற்றொன்று வெறும் மடை: ஃப்ரீசரில் குளிர்ந்த காற்று கீழே எவ்வளவு போகலாம் என்று திறந்து மூடும். இரண்டையும் உச்சத்தில் வைத்தால் மேலே ஐஸ் பாறையாகும், கீழே பால் திரியும். எது எந்தத் திருகு என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

சரியான அளவு என்ன? நடுத் தட்டில் 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18. ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத் தட்டில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். திருகை ஒரு எண் மாற்றினால் ஒரு நாள் பொறுத்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் இட்லி மாவே போதும். உள்ளே வைத்த மறுநாளே பொங்கி மூடியைத் தள்ளினால் குளிர் போதவில்லை. கீரை கண்ணாடிபோல் விறைத்தால் அதிகம்.

கடைசியாகக் கரண்ட். கோடைக் காற்றடித்தால் போகும், ஒரு நிமிடத்தில் வரும், மறுபடி போகும். ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் நின்றதும் குழாயின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறியே இருக்கும். இரண்டு பக்கமும் சமமாகச் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் கரண்ட் வந்தால் மோட்டார் அந்த அழுத்தத்தைத் தள்ள முடியாமல் முனகி, 'டக்' என்று தானே துண்டித்துக்கொள்ளும். இப்படி அடிக்கடி நடந்தால் சுருள் கருகிப் போகும். தாமதித்து மின்சாரம் விடும் ஸ்டெபிலைசர் வாங்குங்கள். இல்லையென்றால் கரண்ட் போனதும் ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்த பிறகு ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.