சட்டம் இருந்தும் தொடரும் மலக்குழி மரணங்கள்

மனித உரிமை மீறல் என்றதும் காவல் நிலையச் சித்திரவதைதான் நம் நினைவுக்கு வருகிறது. நம் தெருவின் பாதாளச் சாக்கடை வருவதில்லை. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்து 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொன்று. சாக்கடையில் இறங்கி இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. மரணங்கள் நின்றபாடில்லை.

இறங்குபவர்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட சில தலித் சாதியினர். சமூகவியல் இதைத் தனிமனிதத் தவறாக அல்ல, சமூக அமைப்பின் அநீதியாகப் பார்ப்பது அதனால்தான். உள்ளாட்சி நிர்வாகம் ஒப்பந்ததாரரிடம் விடுகிறது; அவர் தினக்கூலிக்கு ஆள் பிடிக்கிறார். விஷவாயு தாக்கினால் பொறுப்பேற்க யாருமில்லை.

வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்குப் பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்கும் நாமும் தப்ப முடியாது. 2013 சட்டப்படி அதற்கு முதல்முறையே 2 ஆண்டு வரை சிறை.