நடுங்கும் கரங்கள்



மாமல்லபுரக் கரையில் வலை பின்னிய முதியவர் ஒருவரின் விரல்கள் நடுங்கலாயின. முதுமைத் தளர்ச்சியென்றே வீட்டார் எண்ணினர். 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் விவரித்த நோய் அது. மூளையில் டோபமின் சுரக்கும் உயிரணுக்கள் சிதைவதால் விளைவது.

அக்குறையை ஈடுசெய்யும் லெவோடோபாவை, 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாமோதரன், இராமசுவாமி ஆகியோர் நம் வேலியோரப் பூனைக்காலி விதையினின்று பிரித்தெடுத்தனர். அது இந்நோய்க்கு மருந்தாவது 1960-களில்தான் தெளிவாயிற்று. இன்றும் அதுவே தலையாய மருந்து. நோயை வேரறுக்காது, ஆனால் நடையையும் கையசைவையும் பெரிதும் மீட்டுத்தரும்.

அதனை வாழ்நாள் முழுதும் வேளை தவறாது உண்ணவேண்டும். மீன்பாடு குன்றிய மாதத்தில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் விறைக்கும். உயிருக்கே ஆபத்து நேரலாம். விதையைத் தாமே அரைத்துண்பதும் தகாது. கையில் பணமில்லையேல் செங்கற்பட்டு அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். தனியே பேருந்தேற இயலாத அம்முதியவருடன் செல்லப்போவது யார்?