யாரிடம் சொல்வது?

வேலையிடத்து வன்முறை: தொடர் – 6

சென்ற வாரம் வெளியிலிருந்து வரும் வன்முறையைப் பார்த்தோம். கல்லாவைக் குறிவைத்து வருகிறவனைப் பூட்டும் விளக்கும் கேமராவும் ஓரளவு தடுக்கும். இந்த வாரம் பேசப்போவது உள்ளேயே இருக்கும் ஆளைப் பற்றி. அதே ஷிப்டுக்கு வந்து, அதே கேன்டீனில் டீ குடித்து, உங்கள் லீவுக்கும் ஓ.டி.க்கும் கையெழுத்துப் போடுகிற ஆள். கேமரா எந்த மூலையில் இருக்கிறது என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அந்த ஆள் அதற்கு முன்பே தொந்தரவு கொடுத்துவந்தார் என்று வீட்டாரும் கூட வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். கொலை நடந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு முன்பும் பலருக்குத் தெரிந்துதான் இருந்தது. அப்படியானால் அது ஏன் தடுக்கக்கூடியவர் யார் காதுக்கும் போய்ச் சேரவில்லை?

இதற்கு விடை வேண்டுமென்றால் தையல் லைனைப் பார்க்க வேண்டும். ஒருத்தர் காலர் வைப்பார், அடுத்தவர் கை மூட்டுவார், அதற்கடுத்தவர் ஓவர்லாக் அடிப்பார். ஒரு மிஷின் நின்றால் பின்னால் பண்டல் குவியும். மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுதிப் போட்டிருப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் சூப்பர்வைசரை மேலே இருப்பவர் திட்டுவார். சூப்பர்வைசர் லைனைத் திட்டுவார். பாத்ரூம் போக அவரிடம் கேட்க வேண்டும். மறுநாள் கஷ்டமான ஆபரேஷனில் உட்கார வைப்பதா, சுலபமானதில் வைப்பதா என்பதும் அவர் முடிவுதான். லைனில் பெரும்பாலும் பெண்கள். அவர்களை விரட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சாதியும் இதில் சேர்ந்துகொள்ளும். முதலில் பீஸ் குறைந்ததற்காக ஒரு கெட்ட வார்த்தை. யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் தோளில் ஒரு கை. பிறகு ராத்திரியில் போன். கொலை என்பது இந்த ஏணியின் கடைசிப் படி. முதல் படியை நாம் வன்முறைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ‘ஷிப்மென்ட் டென்ஷன்’ என்று சொல்லிக் கடந்துபோகிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. ராஜஸ்தானில் அரசுத் திட்டத்தின் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போனதற்காக 1992இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். அதையடுத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் வேலையிடத்தில் பாலியல் தொந்தரவைத் தடுக்க உச்ச நீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகள் வந்தன. அவற்றைச் சட்டமாக்க 2013 வரை ஆயிற்று. அந்தச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் புகார்க் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் உறுப்பினராக வேண்டும். நம் ஊரில் இதை ‘விசாகா கமிட்டி’ என்றே சொல்கிறார்கள். ஆனால் பல கம்பெனிகளில் இந்தக் கமிட்டி நோட்டீஸ் போர்டில் மட்டுமே வாழ்கிறது. எச்.ஆர். கேபினுக்குள் போய்ப் புகார் எழுதிக் கொடுக்கிற பெண், திரும்பி அதே லைனுக்குத்தானே வர வேண்டும்?

திண்டுக்கல்லில் இந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்த்தார்கள். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், சர்வதேசத் தொழிலாளர் உரிமை அமைப்புகளோடு சேர்ந்து அந்தக் கொலைக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தப் பெண் வேலை பார்த்த ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடு, இப்படிப்பட்ட தொந்தரவைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆடை வாங்கும் எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகியவையும் கட்டுப்பட்டன. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டரில் கை வைக்க வேண்டியது அந்த பிராண்டுகளின் கடமை. ‘நடத்தை விதிமுறை’ என்று பளபளப்பான தாளில் அச்சடித்துக் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் 2019இல் ஏற்பட்ட இதேபோன்ற ஒப்பந்தம் இதற்கு முன்னோடி; ஆசியாவில் இதுதான் முதல்.

ஒப்பந்தத்தில் என்னைக் கவர்ந்தது பிராண்டுகளின் கையெழுத்தைவிட, உள்ளே அவர்கள் செய்த ஒரு ஏற்பாடு. லைனில் வேலை பார்க்கும் பெண்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, கண்காணிப்பாளர்களாக வைத்தார்கள். கெட்ட வார்த்தை காதில் விழுந்தால் அன்றைக்கே அதை எழுப்ப வேண்டியது அவர்கள் வேலை. புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றம். ஆலைக்குள் தீராவிட்டால் நிர்வாகத்தைச் சாராத வெளியாட்களிடம் போகலாம். முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன. 185 என்றதும் ‘இவ்வளவு மோசமான ஆலையா?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆயிரக்கணக்கில் ஆள் வேலை செய்யும் இடத்தில் ஒரு வருடம் முழுக்கப் புகாரே வராவிட்டால்தான் நான் பயப்படுவேன்.

ஒரே ஒரு தொழில் குழுமத்தின் ஆலைகளில் நடந்த மாற்றம் இது. பக்கத்து மில்லுக்கு இது பொருந்தாது. எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தக்கூடிய ஒன்று, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை; அது மிரட்டலையும் வன்முறை என்றே கொள்கிறது. கம்பெனி வேன், ஹாஸ்டல், வேலைக்குப் போய்வரும் வழி எல்லாம் அதன் வரம்புக்குள் வரும். இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் ஜவுளிக் கடையிலோ, பள்ளியிலோ, ஐ.டி. கம்பெனியிலோ இருக்கலாம். நாளைக்குப் போனதும் உங்கள் இடத்தின் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த உத்தரவைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்கச் சொல்கிறது சட்டம். குழுவே இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். 10 பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுதித்தர வேண்டியது குழுவின் பொறுப்பு. பக்கத்து மிஷினில் இருப்பவருக்கு இது தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு)